பழைய "குட்டி யானை" வாங்கப் போகிறீர்களா?

சங்கிலியை அடகு வைத்து வண்டி வாங்கலாமா?

இந்தக் கேள்வியை எளாவூரில் ஒரு டீக்கடையில் ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார். அவர் மீன் விற்பவர். அவருடைய கணவர் பழவேற்காடு ஏரியில் வலை வீசுகிறவர். இருவரும் ஒரு பழைய "குட்டி யானை"யைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"மூணு பவுன் சங்கிலி இருக்குது, தம்பி. அதை வெச்சாத்தான் வண்டி. வண்டி வந்தா தினமும் கொடுக்கிற வாடகை மிச்சம். ஆனா மீட்டர்லே ரெண்டு லட்சம் கிலோமீட்டர் காட்டுது. அதான் பயமா இருக்குது" என்றார்.

அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அவர் பயப்பட வேண்டியது கிலோமீட்டரைக் கண்டு அல்ல. வேறு இரண்டைக் கண்டு. ஒன்று, உப்பு. மற்றொன்று, காகிதம்.

ஏழையின் லாரி

டாடா ஏஸ் என்ற வண்டி 2005-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதைத்தான் நம் மக்கள் "குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கிறார்கள். முதலில் வந்த வண்டியில் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். சக்தி 16 குதிரை. சுமக்கும் எடை முக்கால் டன். பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளில் அது நுழைந்தது. லாரி வாங்க முடியாதவர்கள் அதனால் முதலாளி ஆனார்கள்.

இன்று அந்த வண்டிகள் கை மாறி, கை மாறி மலிவு விலைக்கு வருகின்றன.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினுக்கு வைத்தியம் உண்டு. பிஸ்டன் ரிங் மாற்றலாம். "ரீபோர்" செய்யலாம். உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும்.

மீட்டர் மிகவும் குறைவாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்! மீட்டரைத் திருத்தி வைப்பவர்கள் உண்டு. பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். அது வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் சொல்லாத உண்மையை அது சொல்லிவிடும்.

உப்பு என்னும் எமன்

மீன் ஏற்றிய வண்டிக்கு உப்புதான் எமன். ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு கலந்து, இரவும் பகலும் அடியில் சொட்டுகிறது. ஏரிக் காற்றிலும் உப்பு. உப்பு படிந்த இரும்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் துரு ஏறும்.

வண்டியைத் தாங்குவது சேசிஸ். மனிதனுக்கு முதுகெலும்பு போல. அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், என்ஜின் நன்றாக இருந்தும் பயன் இல்லை. ஓட்டை மேல் தகட்டை ஒட்டி, பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். பளபளப்பில் மயங்காதீர்கள்!

ஒரு சுத்தியல் கொண்டு போங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, சேசிசை லேசாகத் தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் நல்ல இரும்பு. "தொப்" என்று கேட்டாலோ, துரு பொடிப்பொடியாகக் கொட்டினாலோ, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காலையில் போங்கள்

வண்டியைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த என்ஜின் தன் நோயை மறைத்துவிடும்.

நீலப் புகை தொடர்ந்து வந்தால், என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் பால் போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், காரணத்தைக் கேளுங்கள். கூடவே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்!

காகிதம் சரியா?

எளாவூர் எல்லை ஊர். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. அங்கே பதிவான வண்டி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் 28-ம் எண் படிவத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள். பழைய கடன் தீர்ந்ததற்கு 35-ம் எண் படிவம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

"கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். விபத்து நடந்தால், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே பெயர் மாற்றம் விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

வண்டிக்கு எட்டு வயது தாண்டினால், ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். 15 வயது தாண்டினால் அதற்குக் கட்டணமும் கூடும். முன்கூட்டியே விசாரியுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு

என் கருத்து இதுதான்: பழைய வண்டி வாங்குவது தவறு அல்ல. கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுப்பதுதான் தவறு!

பணத்தை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்கு விலைக்கு. ஒரு பங்கு ரிப்பேருக்கு. முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு என்ஜின். பெயிண்ட் கடைசியில்! ரிப்பேருக்குப் பணம் இல்லாமல் வாங்கிய வண்டி வாசலில் நிற்கும். அடகுக் கடையில் வட்டி மட்டும் ஓடும்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்றால், 300 கிலோ மீன் ஏற்றும்போதே 600 கிலோ ஆகிவிடுகிறது. பெட்டிகளின் எடை வேறு. அதற்கு மேல் ஏற்றினால் யானையும் மண்டியிடும். தினமும் இறக்கிய கையோடு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அரை மணி நேர வேலை. அது வண்டியின் ஆயுளைக் கூட்டும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கணவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கழுத்துச் சங்கிலியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எழுந்திரு, மாமா. வீட்டுலே சுத்தியல் இருக்குதில்லே? நாளைக்கு விடிகாலையிலே போவோம். அடியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் இது கழுத்தை விட்டு இறங்கும்!" என்றார்.