நீண்ட சொல்லுக்கே எம் வாக்கு

ஆங்கிலச் சொல்லாட்டம் என்றதும் எம் தோழியருள் பாதிப்பேர் பின் பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கரும்பலகையில் ஆறேழு எழுத்துக்கள் எழுதப்படும். அவற்றைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் அதிகச் சொற்களை எழுதுபவருக்குப் பரிசு. வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகியவர் 'இட்', 'இன்', 'லெட்', 'டென்' என்று பொரி கொட்டுவதுபோல் கொட்டிவிடுகிறார். குடும்பத்திலேயே முதன்முதலாக ஆங்கிலம் படிக்க வந்தவரோ பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இந்த விதியை மாற்ற வேண்டும் என்பதே எம் கட்சி. எண்ணிக்கைக்குப் பரிசு வேண்டாம். கொடுத்த எழுத்துக்கள் அத்தனையையும் தன்னுள் அடக்கி, அவற்றினும் நீண்டு நிற்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தாருங்கள்.

"சிறிய சொல்லே வராதவர்க்கு நீண்ட சொல் எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். வரும், வழி இருக்கிறது.

'லிஸன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கேள் என்று பொருள். எல், ஐ, எஸ், டி, ஈ, என் என ஆறு எழுத்துக்கள். இவற்றுள் 'டி' ஒலிப்பதே இல்லை. காதால் கேட்டு எழுதும் நாம் அதை விட்டுவிட்டு, சிவப்பு மையில் ஒரு வட்டம் பெறுவது வழக்கம். ஆட்டத்திலோ அந்த 'டி' ஓர் அட்டையாக மேசைமேல் உட்கார்ந்து, "என்னை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்கிறது. நூறு முறை இம்போஸிஷன் எழுதுவதைவிட இது மேல் அல்லவா? இதே ஆறெழுத்தை இடம் மாற்றினால் 'ஸைலன்ட்', அதாவது மௌனம், வருகிறது. (கேட்பதற்கும் மௌனத்துக்கும் ஒரே எழுத்துக்கள்! எங்கள் நூலக வாசலில் எழுதி மாட்டலாம்.)

இனி நீட்டுவோம். ஆங்கிலத்தில் சொல்லின் வாலாக வரும் துண்டுகள் சில உண்டு. 'மென்ட்' என்ற வாலை எடுங்கள். நம் ஆறெழுத்தில் ஈ, என், டி மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் எல், ஐ, எஸ். அவை மூன்றும் உள்ள வினைச்சொல் எது? 'எஸ்டாப்ளிஷ்' - நிறுவுதல். வாலைச் சேர்த்தால் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்', பதின்மூன்று எழுத்து! 'டி, ஐ, ஓ, என்' என்ற வாலைப் பிடித்தால் சட்டமியற்றலைக் குறிக்கும் 'லெஜிஸ்லேஷன்' கிடைக்கும். விண்மீன் கூட்டமாகிய 'கான்ஸ்டலேஷன்' கிடைக்கும். வீட்டுக் கூடத்திலுள்ள 'டெலிவிஷன்' கூட இந்த ஆறெழுத்துக்குள் இருந்து வளர்ந்ததுதான். 'டெலி' என்பது தொலைவைக் குறிக்கும் கிரேக்கத் துண்டு. 'விஷன்' லத்தீனிலிருந்து வந்த காட்சி. தொலைக்காட்சி என்று நாம் சொல்வது அதே அமைப்பில்தானே?

இங்கேதான் எம் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. சொல்லை இப்படிப் பிரித்துப் பார்ப்பது தமிழ் வகுப்பில் தேர்ந்தவர்க்குப் புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று நன்னூல் ஆறு உறுப்புகளைச் சொல்கிறது. 'நடந்தனன்' என்பதை நட, த், 'ந்' ஆன விகாரம், த், அன், அன் என்று உறுப்பு உறுப்பாகக் கழற்றி வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' எம்மாத்திரம்? ஆங்கிலப் போட்டியில் அவள் வெறுங்கையோடு வரவில்லை. அவள் கையில் இருக்கும் கருவிக்கு இடம் கொடுக்காதது விதியின் குறையே அன்றி அவள் குறையன்று.

நீட்டுவதிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. கடைசியில் 'எஸ்' ஒன்றை ஒட்டிப் பன்மையாக்குவதை வளர்ச்சி என்று ஏற்கலாகாது. ஸ்க்ராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாளில் எண்ணிப் பார்த்தவர். அவ்வாட்டத்தின் 100 சில்லுகளில் 'ஈ' 12 இருக்க, 'எஸ்' 4 மட்டுமே. ஏழு சில்லுகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அங்கும் நீண்ட சொல்லுக்கு மதிப்பு உண்டு, பாருங்கள்!

கீழ் வகுப்புத் தங்கையருக்கு இன்னொரு வடிவம் சொல்வோம். 'நான்' என்னும் ஓரெழுத்து 'ஐ'யில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க வேண்டும். ஐ, இன், ஸின், ஸிங், ஸ்டிங், ஸ்ட்ரிங், ஸ்டேரிங், ஸ்டார்ட்டிங், ஸ்டார்ட்லிங்: ஒன்பது படிகள், ஒவ்வொரு படியும் ஒரு சொல். மூன்றாம் படியில் பாவம். அதனோடு ஒரு 'ஜி' சேர்ந்தால் நான்காம் படியில் பாட்டு!

கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடுமே, இதற்கு ஏன் மண்டையை உடைக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பட்டியல் வரும், மறுக்கவில்லை. அதில் பாதிச் சொற்களின் பொருள் பட்டியல் எடுத்தவருக்கே தெரியாது. ஆகவே எம் யோசனை இது: மணி அடிக்கும்வரை மூளை மட்டும், மணி அடித்தபின் அகராதியும் கைபேசியும் வரட்டும். கண்டுபிடித்த சொல்லை ஒரு வாக்கியத்தில் அமைத்துச் சொன்னால்தான் மதிப்பெண். தேர்வு நெருங்கும்போது இது நேர விரயம் என்று அம்மாமார்கள் கவலைப்பட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், மதிய உணவுக்குப்பின் இருபது நிமிடம்; அவ்வளவே கேட்கிறோம்.

அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் மனம் வைத்தால் அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம். முதல் சுற்றுக்கு 'டீச்சர்' என்ற சொல்லின் ஏழெழுத்தையே தரும்படி வேண்டுகிறோம். அவற்றைக் கலைத்து அடுக்கினால் நிலத்தை அளக்கும் 'ஹெக்டேர்' வரும். ஐ, ஓ, ஆர் மூன்றும் சேர்ந்தால் தேரோட்டியாகிய 'சாரியட்டீர்' வரும். எழுத்து எதுவும் கூட்டாமலே, ஏமாற்றுபவர் என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் வரும். அதை இங்கே எழுத எங்களுக்குத் துணிவில்லை.