கடைசி ராஜா தலையில் விழுந்த பழி

போலந்து நாட்டு ரூபாய் நோட்டுகளை (அவர்கள் அதை ஸ்லோட்டி என்கிறார்கள்) மதிப்பு வாரியாக அடுக்கி வைத்தால், அந்த நாட்டு ராஜாக்களின் சரித்திரம் கால வரிசையில் வந்துவிடும். 10 ஸ்லோட்டியில் 966-ல் ஞானஸ்நானம் பெற்ற மியெஷ்கோ. 20-ல் அவர் மகன் போலெஸ்லாவ். 50-ல் கிராகோவில் பல்கலைக்கழகம் தொடங்கிய மகா காசிமிர். 100-ல் கிரன்வால்ட் போரில் வென்ற யாகெல்லோ. 200-ல் முதலாம் சிகிஸ்மண்ட். 2017-ல் வெளிவந்த 500-ல் வியன்னாவைக் காத்த சோபியஸ்கி. வங்கியில் நோட்டு எண்ணியே காலம் தள்ளியவன் என்பதால் எந்த நாட்டு நோட்டைப் பார்த்தாலும் அதில் யார் இருக்கிறார் என்பதோடு யார் இல்லை என்பதையும் கவனிப்பேன். இந்த வரிசையில் இல்லாதவர் கடைசி ராஜா, ஸ்டானிஸ்லாவ் ஆகஸ்ட் பொனியாடோவ்ஸ்கி.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. 1764-ல் அவர் முடிசூடியபோது ஐரோப்பாவிலேயே பெரிய நாடுகளில் ஒன்றாக இருந்த போலந்து-லித்துவேனியா, 1795-ல் அவர் முடி துறந்தபோது வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தடவையாக ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டன (1793 பங்கில் மட்டும் ஆஸ்திரியா இல்லை). "நாட்டைத் தொலைத்த ராஜா" என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. மடெய்கோ என்ற புகழ்பெற்ற ஓவியர், முதல் பங்கீட்டை எதிர்த்து ரெய்டன் என்ற உறுப்பினர் வாசலில் விழுந்து மறிக்கும் காட்சியை 1866-ல் வரைந்தார். அதில் ராஜா பின்னால் நின்று கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாடு போகிற நேரத்தில் இவர் மணி பார்க்கிறார் என்று பொருள்.

இது நியாயமில்லை என்பது என் கட்சி. நொடித்துப்போன கிளைக்குக் கடைசியாக மாற்றலாகிப் போகிற மேனேஜர் தலையில்தான் எல்லா வாராக்கடனும் விழும். கடன் கொடுத்தவர்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்கள். போலந்தில் நடந்ததும் அதுதான்.

அவர் கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே ராஜா பட்டம் பரம்பரையாக வருவதில்லை. பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் என்றால் பணம், பணம் என்றால் வெளிநாடு. செய்ம் என்ற அவர்களுடைய சபையில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து "சம்மதமில்லை" என்று சொன்னால் போதும், அந்தக் கூட்டத்தொடரில் அதுவரை நிறைவேறிய சட்டங்களும் சேர்ந்து செத்துப்போகும். 1652-ல் முதன்முதலாக ஒருவர் இப்படிச் சபையைக் கலைத்தார். அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. யாரோ ஒரு சில்லறைப் பிரபுவுக்குக் காசு கொடுத்து எழுந்து நிற்க வைத்தால் ஒரு தேசத்தையே முடக்கிவிடலாம். இதைப் பக்கத்து நாட்டுத் தூதர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். இவருக்கு முன் முப்பது வருஷம் ஆண்ட மூன்றாம் ஆகஸ்ட் காலத்தில் ஒரே ஒரு செய்ம்தான் ஒழுங்காக முடிந்தது. முப்பது வருஷத்தில் ஒன்று! புது வரி இல்லை, புதுப் படை இல்லை.

சோபியஸ்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1683-ல் வியன்னாவில் துருக்கியரை முறியடித்த மாவீரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1686-ல் கீவ் நகரம் ருஷ்யாவுக்கே என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்ததும் அவர் ஆட்சியில்தான். அவர் காப்பாற்றிக் கொடுத்த அதே ஆஸ்திரியா, சரியாக 89 வருஷம் கழித்துப் போலந்தில் தன் பங்கை வெட்டிக்கொண்டது. அவர் 500 ஸ்லோட்டி நோட்டில் இருக்கிறார். குதிரை மேல் உட்கார்ந்து வாளை உருவியவர்களுக்குச் சரித்திரம் கொஞ்சம் சலுகை காட்டத்தான் செய்கிறது.

பொனியாடோவ்ஸ்கி வாளை உருவியவரல்ல. இளவயதில் ஆங்கிலேயத் தூதரின் செயலாளராக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே பட்டத்து இளவரசரின் மனைவியோடு காதல். அந்தப் பெண்தான் பின்னால் மகாராணியான காதரின். 1762-ல் அவள் சிம்மாசனத்தைப் பிடித்ததும் இவர் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளத் துடித்தார். வராதே, உன்னை உன் நாட்டுக்கு ராஜாவாக்குகிறேன் என்று எழுதிவிட்டாள். பழைய காதலனை இதைவிட மரியாதையாகவும் இதைவிடக் கொடூரமாகவும் யாரும் கைகழுவியிருக்க முடியாது. 32 வயதில் ருஷ்யப் படை சுற்றி நிற்கத் தேர்தலில் ஜெயித்து, 1764 நவம்பர் 25 அன்று முடிசூடினார். அது புனித காதரின் திருநாள்.

இனி இவர் பொம்மை ராஜாவாகச் சும்மா இருந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். இவர் இருக்கவில்லை. மறு வருஷமே வார்சாவில் ஒரு ராணுவப் பள்ளி, ஒரு பொது நாடக அரங்கு, ஒரு பத்திரிகை. அந்தப் பள்ளியில் படித்த ஏழைப் பிரபு வீட்டுப் பையன்களில் ஒருவன்தான் பின்னால் அமெரிக்காவிலும் போலந்திலும் போரிட்ட கோசியுஸ்கோ. வியாழக்கிழமைதோறும் எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துச் சாப்பாடு போட்டுப் பேசவைத்தார். 1773-ல், முதல் பங்கீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட அதே அவமானகரமான செய்மில், கலைக்கப்பட்ட ஏசு சபையின் சொத்துகளைக் கொண்டு தேசியக் கல்வி ஆணையம் அமைந்தது. ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று பலரும் சொல்வது அதைத்தான். வீட்டில் ஒரு பக்கம் தீப்பிடித்து எரியும்போது இன்னொரு பக்கம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போன்ற காரியம். என்னைக் கேட்டால் அதற்கும் துணிச்சல் வேண்டும்.

துணிச்சல் என்றதும் 1771 நவம்பர் 3-ம் தேதி இரவு நினைவுக்கு வருகிறது. ருஷ்யாவை எதிர்த்துக் கிளம்பிய பார் கூட்டணிக்காரர்கள் வார்சா தெருவிலேயே ராஜாவின் வண்டியை மறித்து, தலையில் காயப்படுத்தி, கடத்திக்கொண்டு போனார்கள். இருட்டில் வழிதவறி ஆள் ஆளாகப் பிரிந்துபோக, கடைசியில் காவலுக்கு மிஞ்சியவன் குஸ்மா என்ற ஒருவன் மட்டும். ரத்தம் வடிய ஒற்றைக் காலணியோடு நடந்துவந்த ராஜா அவனிடம் பேசிப் பேசியே மனசை மாற்றிவிட்டார். இரண்டு பேரும் ஒரு மாவு மில்லில் போய் ஒதுங்கி, அங்கிருந்து சீட்டு எழுதி அனுப்பிக் காவல் படையை வரவழைத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் சிலருக்கு மரண தண்டனை, குஸ்மா தப்பித்தான். பேச்சால் உயிர் பிழைத்த ராஜா என்று வேறு யாரையும் நான் படித்ததில்லை.

1791 மே 3-ம் தேதி அவர் வாழ்க்கையின் பெரிய நாள். ராஜாவும் இக்னாசி பொடோஸ்கியும் கொலோந்தாய் என்ற பாதிரியாரும் சேர்ந்து ரகசியமாகத் தயாரித்த அரசியல் சட்டம் அன்று நிறைவேறியது. அமெரிக்காவுக்கு அடுத்தது, பிரான்ஸை விடச் சில மாதங்கள் முந்தியது. அந்த ஒற்றை ஆள் தடுப்புரிமை ஒழிந்தது. பட்டம் இனிமேல் பரம்பரை. ஆனால் தன் குடும்பத்துக்கு அல்ல, சாக்சனி அரச குடும்பத்துக்கு. தன் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு எழுதிவைத்துக்கொள்ளாத இந்த ஒன்றுக்காகவாவது அவரைப் பாராட்டலாம்.

ஒரு வருஷம்தான். தர்கோவிட்சா என்ற பெயரில் சில பெரும் பிரபுக்கள் தங்கள் பழைய சலுகைகள் போச்சே என்று காதரினிடம் ஓடினார்கள். நூறாயிரத்தை ஒட்டிய ருஷ்யப் படை 1792-ல் உள்ளே வந்தது. கூட்டுச் சேர்ந்திருந்த பிரஷ்யா கையை விரித்தது. ராஜாவின் தம்பி மகன் யூசெப் நன்றாகத்தான் சண்டை போட்டார். ஆனால் பின்வாங்கிக்கொண்டே போட்டார். ஜூலையில் ராஜா தானே அந்தத் துரோகிகளின் கூட்டணியில் சேர்ந்தார்.

இங்கே நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அது தவறு. சண்டையைத் தொடர்ந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பது வேறு விஷயம். சத்தியம் செய்த சட்டத்தைக் குழி தோண்டிப் புதைக்கிறவர்கள் பட்டியலில் ராஜாவே பெயரைச் சேர்த்துக்கொண்டால், நின்று போராடத் தயாராக இருந்தவன் எங்கே போவான்? யூசெப் ராஜினாமா செய்தார். கோசியுஸ்கோவும் செய்தார். மறு வருஷம் குரோட்னோவில் இரண்டாம் பங்கீடு. ராஜா அப்போதும் பதவியை உதறவில்லை. அவருடைய கடன்கள் அதற்கு ஒரு காரணம் என்பதும் மறைக்கக்கூடிய விஷயமில்லை. அளவுக்கு மீறிச் செலவு செய்தவர், பெண்கள் விஷயத்திலும் பலவீனர்.

ஆனால் அவரைக் குற்றம் சொன்னவர்களைப் பாருங்கள். ராஜா கூட்டிய ஆலோசனையில் சேர்ந்துவிடலாம் என்று சொன்ன பெரும்பான்மையில் கொலோந்தாயும் ஒருவர். அவரே நாட்டை விட்டு வெளியேறி, நண்பர்களோடு சேர்ந்து, அரசியல் சட்டம் வீழ்ந்ததற்கு ராஜாதான் காரணம் என்று 1793-ல் ஒரு புத்தகம் போட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் படித்தே தீர்ப்பு எழுதினார்கள். மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "நான் அப்பவே சொன்னேன்" என்கிற ஆசாமிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

அவர் விட்டுப்போனவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியரை அரண்மனையில் வைத்து வார்சாவின் தெருக்களையும் மாடங்களையும் நுணுக்கமாக வரையச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வார்சாவைத் தரைமட்டமாக்கிய பிறகு, பழைய நகரைத் திரும்பக் கட்டியவர்களுக்கு அந்த ஓவியங்கள் வழிகாட்டின. இன்னொன்று லண்டனில். போலந்துக்கு ஒரு தேசிய ஓவியத் தொகுப்பு வேண்டும் என்று 1790-ல் இரண்டு வியாபாரிகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர்கள் ஐந்து வருஷம் வாங்கிச் சேர்த்தார்கள். சேர்த்து முடிப்பதற்குள் வாங்கிக்கொள்ள நாடு இல்லை. அந்தப் படங்கள் கடைசியில் டல்விச் என்ற இடத்துக்கு உயிலில் போய், ஜான் சோன் கட்டிய கட்டடத்தில் இன்றும் தொங்குகின்றன. லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மெழுகு பொம்மைகளைப் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

1795 நவம்பர் 25, அதே காதரின் திருநாளில் முடி துறந்தார். 1798-ல் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தபோது காதரினின் மகன் பால் ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தார். 1938-ல் சோவியத் அரசு அந்தச் சர்ச்சை மூடியபோது சவப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. சுதந்திரப் போலந்து அரசு அதை என்ன செய்தது தெரியுமா? மற்ற ராஜாக்கள் பலர் உறங்கும் கிராகோவின் வாவெல் பேராலயத்துக்குக் கொண்டுபோகாமல், யாருக்கும் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக அவர் பிறந்த வோல்சின் கிராமத்தில் வைத்துவிட்டது. போருக்குப் பின் அந்த ஊர் சோவியத் எல்லைக்குள் போனது, சர்ச் கிடங்கானது, கல்லறை சூறையாடப்பட்டது. 1988-ல் போய்த் தேடியவர்களுக்குக் கிடைத்தது துணித் துண்டுகள், பெட்டியின் சிதிலங்கள், மண்.

அதை 1995-ல் வார்சாவின் புனித யோவான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். வாவெலில் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முடிசூடியது இந்தக் கோயிலில். 1791 மே 3 அன்று சபையிலிருந்து எல்லோரும் நடந்துவந்து அரசியல் சட்டத்துக்குச் சத்தியம் செய்ததும் இங்கேதான்.