ஒரு கட்டை இறக்கினால் என்ன குற்றம்?

ஆடி மாதம் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கூழ் வார்த்தார்கள் என்றால் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா உண்டு. அந்த மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். என் கீபோர்டில் அதிகம் தேய்ந்தது சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான்தான். எங்கள் பாடகருக்கு அறுபது தாண்டிவிட்டது. மேடையேறும் முன் காதோரம் வந்து, “மாஸ்டர், ஒரு கட்டை இறக்கிக்குங்க” என்பார். டி.எம்.எஸ். பாட்டு என்றால் ஒன்றரைக் கட்டை. கீழே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது தெரியவே தெரியாது. தெரிந்த ஒருத்தர் மட்டும், “ஒரிஜினல் கட்டையில பாடுய்யா” என்று கத்துவார். அவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

குரல் நாண்களுக்குள்ளும் இருப்பது தசைதான். வயது ஏற ஏற மெலியும். குருத்தெலும்பு இறுகும். நுரையீரல் பழையபடி காற்றைப் பிடித்து வைக்காது. மேல்ஸ்தாயி போகும், மூச்சும் குறையும். ‘கேளடி கண்மணி’ படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடுவதாக வரும் அந்தச் சரணத்தை எங்கள் பாடகர் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கித்தான் பாடுகிறார். வாங்கட்டுமே!

கர்நாடக சங்கீதத்தில் இந்தத் தொல்லை குறைவு. சுருதி பாடுகிறவருடையது. செம்மங்குடி எண்பதைத் தாண்டியும் பாடினார். நாற்பது வயதுக் குரல் எங்கே என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. சினிமாப் பாட்டுக்காரருக்கும் மேல்நாட்டு ராக் பாடகருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. முப்பது வயதில் பதிவான அவர்கள் குரலே எதிரியாக வந்து நிற்கிறது.

இளையராஜாவும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் 1943இல் பிறந்தவர்கள். ராஜா ஜூன், ஜாகர் ஜூலை. 2024இல் எண்பது வயதில் ஜாகர் அமெரிக்க மேடைகளில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில், ராக் கச்சேரிகளுக்குப் பேர்போன எவென்டிம் அப்போலோ அரங்கில், தன் சிம்பொனியை அரங்கேற்றினார். திருவண்ணாமலை ரமணரின் பக்தர் என்பதால் எங்கள் ஊருக்கு அவர் மேல் கொஞ்சம் சொந்தம் அதிகம். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். அவர் குரல் ஆரம்பத்திலிருந்தே வழவழப்பான குரல் அல்ல. அதனால் வயது அதில் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. தேன்குரல்களுக்குத்தான் முதுமை ஈவிரக்கம் காட்டுவதில்லை. எஸ். ஜானகி 2017இல் மைசூரில் பாடிவிட்டு, எழுபத்தொன்பது வயதில் மேடைக்கு விடை சொன்னார். அது ஒரு கம்பீரம். ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் பார்க்கின்சன் நோயோடு 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார்; அடுத்த பதினேழாம் நாள் காலமானார். அது வேறொரு கம்பீரம்.

என்னால் ஜீரணிக்க முடியாதது ட்ராக் போடுவது. பழைய குரலை ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்பது. ஆயிரக்கணக்கில் டிக்கெட்டுக்குக் கொடுத்தவர் வீட்டிலேயே யூடியூபில் கேட்டிருக்கலாமே. ஆனால் பாடகரை அந்த நிலைக்குத் தள்ளுவதும் “ஒரிஜினல் மாதிரி இல்லையே” என்று முகம் சுளிக்கும் நாம்தான்.

எங்கள் மாட வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் நாகஸ்வரக்காரர்களைப் பாருங்கள். பல் போனால் சீவாளி பிடி கொடுக்காது. ஆகவே பெரியவர் ஆலாபனையை நிதானமாகக் கொண்டுபோய் நிறுத்துவார். உச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் பையன் எடுத்துக்கொள்வான். மறைத்துச் செய்வதில்லை, கூட்டமும் குறையாகப் பார்ப்பதில்லை. சினிமாக் கச்சேரியில் மட்டும் சரணத்தின் மேல் சங்கதியை இளையவரிடம் கொடுக்க ஏன் கூச்சம்?

விழாக் குழுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது வயதுத் தொண்டையிடம் விடிய விடிய முப்பது பாட்டு கேட்பது நியாயமில்லை. பதினைந்தோடு விட்டுவிடுங்கள், பாடகருக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள். பேசிய தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள எங்கள் குழு தயார்.