வலிப்பை இரும்பு நிறுத்துவதில்லை

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென விழுந்து கை கால் வெட்டி இழுத்தால், கூட்டத்தில் முதலில் எழும் குரல் “இரும்பைக் கொடுங்க” என்பதுதான். யாரோ வண்டிச் சாவியைத் தேடியெடுத்து, இறுகிக் கிடக்கும் விரல்களைப் பிரித்துத் திணிக்கிறார். சற்று நேரத்தில் இழுப்பு அடங்குகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுபவை. சாவியைத் தேடி எடுப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுவதால், இரும்பே காப்பாற்றியதாகத் தோன்றுகிறது.

மூளைக்குள் நடப்பது வேறு. அங்கே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டல் ஒரு வரம்பைத் தாண்டியதும் செல்லின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பிறகு பொட்டாசியம் வெளியேறி, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எல்லாம் ஓரிரு மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். இந்த மின்துடிப்பு இழை வழியே ஓடி முனையை அடையும்போது, அடுத்த செல்லுக்கு முன் பெரும்பாலும் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அதைக் கடப்பது மின்சாரமல்ல, வேதிப்பொருள். குளூட்டமேட் சுரந்தால் அடுத்த செல் தூண்டப்படுகிறது. காபா சுரந்தால் அடக்கப்படுகிறது.

சோடியம், பொட்டாசியம் பற்றிய இந்த உண்மையை 1952-இல் கணக்கோடு நிறுவியவர்கள் பிரிட்டனின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். பிளைமவுத் கடற்கரை ஆய்வகத்தில் அவர்கள் ஆராய்ந்தது ஊசிக்கணவாயின் நரம்பிழையை. உள்ளே மின்முனையைச் செருகும் அளவுக்கு அது தடித்தது. 1963-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தூண்டலும் அடக்கலும் சமன் குலைந்து, ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றித் துடிப்பதே வலிப்பு. தலைக்காயம், பக்கவாதம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவது, உணவோடு உள்ளே போகும் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் என்று காரணங்கள் பல. பேயோ முன்வினையோ இதில் இல்லை. உள்ளங்கையில் திணித்த இரும்பு, மூளைச் செல்லின் சோடியம் வாயிலை மூட வழியும் இல்லை.

மாத்திரையால் முடியும். 1938-இலிருந்து பயன்பாட்டில் உள்ள பீனிடாயினும், அதற்குப் பின் வந்த கார்பமசெபினும் சோடியம் வாயில்களைத்தான் கட்டுப்படுத்துகின்றன. பீனோபார்பிட்டால் காபாவின் கையை வலுப்படுத்துகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 10-இல் 7 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியிருந்தும் இதை ஒளித்து வைக்கும் குடும்பங்கள் ஏராளம். வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டம் மாறியும் அச்சம் போகவில்லை. வரன் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை நிறுத்தும் பெண்களின் நிலை மிகவும் வருந்தத்தக்கது. திடீரென நிறுத்தினால், இடைவிடாமல் நீளும் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே நரம்பு செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கக் கற்றுத் தருகிறார்கள். அதே வகுப்பில், அந்தச் செல்கள் தடம் புரண்டால் என்ன ஆகும், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மாணவர்களைச் செய்துபார்க்கவைத்துப் பழக்க வேண்டும். ஒரு பாடவேளை போதும். ஆசிரியர்களுக்கும் பேருந்து நடத்துநர்களுக்கும் தரும் பயிற்சியிலும் இது கட்டாயமாக வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. யாராவது வலிப்பில் விழுந்தால் கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.