வேஷமும் விளையாட்டும்

"வேஷம் போடாதே" என்பது நம் வீடுகளில் வழங்கும் வசைச்சொல். நம் செய்யாறு வட்டாரத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரிடம் போய்க் கேட்டால், வேஷம் கட்டுவது ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறும் தகுதி என்பார். ஒரே சொல் வீட்டில் பழியாகவும் களரியில் பெருமையாகவும் நிற்கிறது. கைப்பேசியில் கற்பனை உலக விளையாட்டு ஆடும் மாணவர்களைப் பற்றிப் பேசும்போது நம் பெரியவர்கள் முதற்பொருளை மட்டுமே கொள்கிறார்கள். இரண்டாம் பொருளும் அங்கே உண்டு என்பது என் கட்சி.

அந்த விளையாட்டு இன்னதென்று அறியாதார்க்குச் சில சொற்கள். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பலர் கூடி ஒரு கதையை எழுத்தாலேயே நடத்திச் செல்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். அதைப் படைப்பவரும் அதன் வாயாகப் பேசுபவரும் ஒருவரே. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு மூத்தது. தாள், பென்சில், பகடை ஆகியவையே அதன் கருவிகள். மூன்று பகடைகளை உருட்டி வலிமை, அறிவு, விவேகம் முதலாக ஆறு குணங்களுக்கு எண் குறித்துக்கொள்வார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இத்தகைய விளையாட்டைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். நம் விடுதிப் பாயில் படுத்துக்கொண்டு ஆடப்படுவது அதன் பேரப்பிள்ளை.

இனி என் குறையைச் சொல்கிறேன். நண்பர்கள் தாம் படைத்த பாத்திரங்களை என்னிடம் காட்டுவதுண்டு. பத்துப் பேர் படைத்தாலும் பாத்திரம் ஒன்றுதான்! தாய் தந்தை இறந்துவிட்டனர், உடம்பில் ஓடுவது மறைந்த அரச குலத்து இரத்தம், கையில் தீ கக்கும் வாள், வெல்ல எவருமில்லை. பெயரோ நம் நாக்கில் புரளாத பெயர். "இவன் யாருக்காவது கடன்பட்டவனா? எதற்காவது அஞ்சுவானா? ஊரில் இவனைத் திட்டுபவர் யார்?" என்று கேட்டால் விடையில்லை. எவரிடமும் தோற்காதவனுக்கு மற்றவரோடு பேச என்ன இருக்கிறது? கூடி ஆடும் கதையில் அவன் தனியே நிற்கிறான்.

நம் தெருக்கூத்தில் பாத்திரம் எப்படி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருவர் திரை பிடிக்கின்றனர். உள்ளிருந்து பாட்டு எழுகிறது. திரை விலகியதும் ராஜ வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியும் ஒளிரச் சுழன்று ஆடுகிறார். உடனே போருக்குப் போய்விடுகிறாரா? இல்லை. கட்டியக்காரன் குறுக்கே வந்து, நீர் யார், எந்த நாடு, யார் பிள்ளை, இங்கு வந்த காரியம் என்ன என்று வினவுகிறான். துரியோதனனே ஆனாலும் விடை சொல்லியாக வேண்டும். இடையே அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கட்டியக்காரன் கிண்டல் செய்வான். அதற்கும் அரசன் ஈடுகொடுக்க வேண்டும். பாத்திரப் படைப்புக்கு இதைவிட நல்ல தேர்வை நான் கண்டதில்லை. அந்தக் கட்டியக்காரனோ வியாசர் எழுதிய பாரதத்தில் இல்லை. அவன் நம்மவர் படைப்பு.

அரவானையும் பாருங்கள். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் மடியும் சிறு பாத்திரம். தமிழிலோ 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவனது களபலி வந்துவிடுகிறது. பின்னர் கூத்து அவனுக்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்துவிட்டது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்னும் இஸ்லாமியர் காவலராக நிற்கிறார். பாரதத்தில் அவருக்கு ஏது இடம்? மக்கள் கொடுத்தார்கள். இல்லாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவருவது நம் பாட்டன் பூட்டன் செய்த வேலைதான்.

கூத்து தெய்வ காரியம், இது வெறும் பொழுதுபோக்கு அல்லவா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. விடியும்வரை கட்டை சுமந்து ஆடுபவருக்கும் விரல் அசைப்பவருக்கும் உழைப்பில் ஒப்புமை இல்லை. தேர்வுக்கு முந்திய இரவிலும் விளையாடுகிறவருக்காக நான் வாதாட வரவில்லை. (வந்தாலும் வெல்ல மாட்டேன்.)

ஆயினும் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சேர்ந்த நாள் முதல் எத்தனையோ படிவங்கள் நிரப்பிவிட்டேன். தந்தை பெயர், தொழில், சாதி, ஆண்டு வருமானம் என அவையும் நீ யார் என்றுதான் கேட்கின்றன. கேட்கட்டும், உதவித்தொகைக்கு அவை வேண்டும். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு வெளியே இன்னொருவனாக இருந்து பார்க்கும் இடம் என் போன்றோர்க்கு எங்கே கிடைக்கிறது? நண்பன் அதைக் கைப்பேசியில் தேடினால் அவனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கும் போய் எவரோ தைத்த சட்டையையே மாட்டிக்கொள்கிறானே என்பதுதான் என் வருத்தம்.

புதிய கதை கூத்துக்கு ஒவ்வாது என்பதும் சரியன்று. நமக்கு அண்மையிலுள்ள புரிசைக் கலைஞர்கள், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய இறக்கை முளைத்த கிழவன் கதையையே கூத்தாக ஆடியவர்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கூத்துப் பயின்றார்கள். 2020இல் அது மூடப்பட்டது. கற்க இருந்த இடங்களில் ஒன்று குறைந்துவிட்ட நிலையில், கல்லூரிகளாவது கதவைத் திறக்கலாம்.

ஆகவே நம் தமிழ் மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் அனுபவமுள்ள கட்டியக்காரர் ஒருவரை அழையுங்கள். விளையாட்டுப் பிரியர்கள் தத்தம் பாத்திரத்தோடு திரைக்குப் பின்னால் நிற்கட்டும்; அவர் ஒவ்வொருவரையும் வினவட்டும். திரைக்கு விடுதிப் போர்வையே போதும். கலைஞருக்கு வழிச்செலவோடு உரிய சன்மானமும் ஒதுக்க வேண்டும்; பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடக் கூடாது.