மரத்துப்போன கைக்கு எந்தக் கத்தி?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளுக்கு ஓய்வு கிடையாது. வெளியூர்க்காரர்களின் முதுகையும் தோளையும் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி நாள் முழுவதும் வேலை. பிறர் உடம்பு வலியைப் போக்குகிற அந்தக் கை இரவில் மரத்துப்போனால் அதைப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்? தென்காசியைச் சுற்றி ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கம் போனால் பீடி சுற்றும் பெண்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறி. வயலில் அரிவாளும் மண்வெட்டியும். எல்லாமே மணிக்கட்டை நம்பி நடக்கிற தொழில்கள். இந்தக் கைகளுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றியும், அதற்குச் செய்யப்படும் ஆபரேஷன்களைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கார்ப்பல் டன்னல். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் தொட்டில் போல் வளைந்திருக்கின்றன. அதன்மேல் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று மூடியாக இருக்கிறது. இந்த இடுக்கு வழியாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் உள்ளங்கைக்குப் போகின்றன. ஓயாத வேலையால் நாண்களின் உறை தடித்தால், பட்டை இளகிக் கொடுக்காது, நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும். நடுராத்திரி விழித்துக் கையை உதறுகிறவர்கள் ஏராளம். காலப்போக்கில் உப்பை விரலால் எடுக்க முடியாது, ரவிக்கையின் ஊக்கு மாட்ட முடியாது, கத்தரி நழுவும். கடைசியில் பெருவிரலின் அடிச்சதை வற்றிக் குழி விழும். பீடிக் கடையில் சுற்று சரியில்லை என்று கழிக்கிறார்களே, அதில் எத்தனை கட்டு இந்த நரம்பின் கணக்கில் எழுத வேண்டியது!

இது வயதின் கோளாறு, பெண்களின் கோளாறு என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. சர்க்கரை வியாதி, தைராய்டு, கர்ப்பகாலம் இவற்றாலும் வரும் என்பது உண்மைதான். ஆகவே அவற்றைப் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். ஆனால் பலமாக அழுத்தித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையாலும், அதிர்கிற கருவியாலும், மணிக்கட்டைக் கோணலாக வைத்து உழைப்பதாலும் வருகிற இந்த நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமே 2010ல் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

உடனே கத்தியைத் தேடவேண்டியதில்லை. ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை வளையாமல் நேராக வைக்கும் கட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்தாலே பலருக்குக் குறைகிறது. ஸ்டீராய்டு ஊசியும் சில மாதங்களுக்குச் சுகம் தரும். ஆனால் இதிலேயே காலத்தைக் கடத்திவிடக் கூடாது. ஹாலந்தில் செய்து 2002ல் வெளியிட்ட பரிசோதனையில் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கட்டை கட்டியவர்களில் 54 சதமும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 80 சதமும் குணமடைந்திருந்தார்கள். சதை வற்றிய பிறகு போனால் எந்த டாக்டராலும் போன பலத்தை முழுதாகத் திருப்பித் தர முடியாது. எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது நாம் நமக்கே செய்துகொள்ளும் தீங்கு.

இனி ஆபரேஷன். வேலை ஒன்றுதான்: அந்த நார்ப்பட்டையைக் குறுக்கே வெட்டி நரம்புக்கு இடம் விடுவது. இதை 1933ல் லியர்மந்த் என்ற டாக்டர் செய்து எழுதினார். 1950களில் அமெரிக்க டாக்டர் ஃபேலன் இதைப் பரவலாக்கினார். உள்ளங்கையின் அடியில் சில சென்டிமீட்டர் கீறி, கண்ணால் பார்த்து வெட்டுவது திறந்த முறை. 1980களின் இறுதியில் ஜப்பானில் ஒகுட்சுவும் அமெரிக்காவில் சௌவும் வேறு வழி கொண்டுவந்தார்கள். மணிக்கட்டருகே சிறு துளை போட்டு, குழாயில் பொருத்திய காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டு உள்ளிருந்தே பட்டையை வெட்டுவது அந்த முறை. துளை முறைதான் நவீனம், மற்றது பழசு என்று பணம் வாங்கும் இடங்களில் சொல்லக் கேட்கிறோம். உண்மை என்ன?

2586 கைகளில் நடந்த 28 ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் காக்ரேன் அமைப்பு கணக்குப் பார்த்தது. மரப்பு நீங்குவதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். துளை முறையில் புண்ணும் தழும்பும் தரும் தொந்தரவு குறைவு. ஆனால் நரம்பில் தற்காலிகமாக ஏற்படும் கோளாறு அதில் அதிகம். துளை முறையில் செய்துகொண்டவர்கள் சுமார் 8 நாள் முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள்.

எட்டு நாளை நாம் அலட்சியமாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு எட்டு நாள் ஒரு லீவு. கூலிக்காரனுக்கு அது எட்டு நாள் அடுப்பு. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு உள்ளங்கைத் தழும்பு அழுத்தும்போது சில மாதம் வலிக்கும் என்பதும் உண்மை. எனவே கைதேர்ந்த டாக்டர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் செலவின்றித் துளை முறையில் செய்தால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். ஆனால் காமிராவுக்கும் குழாய்க்கும் சேர்த்துப் பில் போட்டு, அந்தக் கூடுதல் தொகை எட்டு நாள் கூலியை மிஞ்சுமானால், மிச்சம் யாருக்கு? வீட்டு நகையை அடகு வைத்து எட்டு நாளை வாங்குவது நமக்குக் கட்டாது. திறந்த முறையைத் தரக்குறைவு என்று சொல்லிப் பயமுறுத்துகிறவரை நம்பவும் வேண்டாம்.

திறந்த முறைக்கு மயக்கம்கூடத் தேவையில்லை. இரத்தம் கசிவதைக் குறைக்கும் அட்ரினலின் மருந்தைச் சேர்த்து மரப்பு ஊசி போட்டால் போதும். நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்க, கால் மணி நேரத்திலேயே முடிக்கலாம். கனடாவில் டாக்டர் லலொண்டே இதைப் பெரிதும் பரப்பினார். அன்றைக்கே வீடு திரும்பலாம்; தையல் இரண்டு வாரத்துக்குள் பிரிப்பார்கள். இவ்வளவு எளிய காரியத்தைத் தென்காசி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் குறித்து, பீடிப் பெண்களைக் காத்திருக்க வைக்காமல் செய்ய வேண்டும். சங்கடமான கேஸ்களுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரியும் உண்டு. 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி பீடியின்மீது வசூலித்த நலநிதி வரியை 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். வரி போனது, ஆனால் சுற்றுகிற கையின் நோய் போகவில்லையே!

ஆபரேஷனைவிடக் கடினமானது அதற்குப் பின் வருகிற ஓய்வு. கனமான வேலைக்குத் திரும்ப ஒரு மாதமோ ஆறு வாரமோ ஆகும். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த மில் தொழிலாளிக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதம் வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் பீடி சுற்றுகிறவளுக்குச் சுற்றினால்தான் கூலி. வயல் தொழிலாளிக்கு இறங்கினால்தான் கூலி. இதனால் பத்தாம் நாளே தையல் காயத்தோடு தட்டை மடியில் எடுத்து வைக்கிறார்கள். 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது, இந்தக் கைநோய் இல்லை. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையிலும் இல்லை. உலக ஸ்தாபனம் ஒப்புக்கொண்டதை இங்கே ஒப்புக்கொள்ள என்ன தடை? இதைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். பீடித் தொழிலாளிக்கு ஓய்வு நாட்களின் கூலியை நலநிதியிலிருந்தே தர வேண்டும் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டு கையிலும் நோய் உள்ளவர்கள் பலர். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டாம் என்பது நமது யோசனை. தொந்தரவு அதிகமுள்ள கையை முதலில் செய்து, அது தேறிய பின் மற்றதைச் செய்தால், அதுவரை சோறு பிசையவும் பிள்ளைக்குத் தலை வாரவும் ஒரு கையாவது இருக்கும்.