குளத்து விவரம் யாருக்குச் சொந்தம்?

இறால் வளர்க்கும் குளத்தில் நோய் புகுந்தால் அதனை முதலில் தெரிவிப்பது ஆராய்ச்சி நிலையம் அன்று, தீவனத் தட்டேயாகும். வழக்கமாகக் காலியாகிவிடும் தட்டில் இரை மிஞ்சத் தொடங்குகிறது. அதைக் காண்பவர் குளத்துக்காரர். அடுத்து அறிபவர் தீவனக் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியாளர். அவர் முறைப்படி வந்து, வீச்சு வலை இட்டு இறாலை எடுத்து, எடை பார்த்துத் தம் குறிப்பேட்டில் பதிந்து செல்பவர். பின்னர், தீவனத்தைக் கடனுக்குக் கொடுத்த வியாபாரியின் காதுக்குச் செய்தி எட்டுகிறது. அரசாங்கக் களப்பணியாளரோ பெரும்பாலும் அறுவடை முடிந்து குளம் காய்ந்த பிறகே அறிகிறார்.

இத்தாமதத்தின் விலை சிறிதன்று. 1994ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கரையோரங்களில் பரவத் தொடங்கிய வெண்புள்ளி நோய் ஒரு வைரஸால் விளைவது. அறிகுறி தென்பட்ட மூன்று முதல் பத்து நாட்களுக்குள் அது ஒரு குளத்தையே காலி செய்துவிடக் கூடும். அதற்கு மருந்து இல்லை. அந்நிலையில் சிறு பண்ணையாளர் செய்வது யாது? கிடைத்தவரை லாபம் என்று அவசரமாக அறுவடை செய்கிறார். மதகைத் திறந்து விடுகிறார். நோயுற்ற நீர் பொதுக் கால்வாயில் கலக்கிறது. அடுத்த ஏற்றத்தின்போது பக்கத்துப் பண்ணையின் பம்பு அதே நீரை உறிஞ்சுகிறது.

அவர் மீது குற்றம் சாட்டுதல் எளிது. ஆனால் நோய் என்று வெளியே சொன்னால் இறாலுக்கு விலை விழும்; வியாபாரி கடனைக் கேட்பார். மறைப்பது மலிவாகவும் சொல்வது செலவாகவும் இருக்கும் வரையில் எந்தப் படிவமும் நிரம்பாது. நம் நாட்டு இறால் பண்ணையாளர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலம் உடையவர்கள் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

விவரங்களைத் தானே முன்வந்து அளிக்காத தொழிலிடமிருந்து அவை கட்டாயத்தின் பேரில் பெறப்படும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. இறால் பண்ணைகளால் குடிநீரும் விளைநிலமும் உவர்ப்பேறுவதாக சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீதிமன்ற ஆணையின்படி கரையோரப் பண்ணைகளை நேரில் ஆராய்ந்தனர். 1996 டிசம்பர் 11ஆம் நாள் வந்த தீர்ப்பு, மரபுமுறைப் பண்ணைகள் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த பண்ணைகளை அகற்றுமாறு பணித்தது. கழிவுநீரைச் சீராக வைத்திருந்தவருக்கும் வைக்காதவருக்கும் அத்தீர்ப்பில் வேறுபாடு இல்லை. தம் குளத்து நீரின் கணக்கை ஆண்டுதோறும் எழுதி வெளியிட்டிருந்தவர் எவரேனும் இருந்திருப்பின், அவருக்காவது வாதாட ஓர் ஏடு கையில் இருந்திருக்கும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இப்பொழுது பண்ணைகளைப் பதிவு செய்கிறது.

இதற்கு மாறான வழியும் இந்நாட்டில் சோதிக்கப்பட்டதுதான். கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் ஆசிய-பசிபிக் நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையங்களின் இணையமும் 2000ஆம் ஆண்டையொட்டி ஆந்திரத்தில் நூற்றுக்கணக்கான குளங்களை ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து கவனித்தன. அடிச்சேற்றை அகற்றுதல், நீரை வடிகட்டி எடுத்தல், சோதித்த குஞ்சுகளையே விடுதல் ஆகியவை நோயின் வாய்ப்பைக் குறைப்பது புலப்பட்டது. பிறகு மேற்குக் கோதாவரி மாவட்டத்து மொகல்தூரில் பண்ணையாளர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரே காலத்தில் குஞ்சு விட்டு, பொரிப்பகத்துடன் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துகொண்டனர். அடுத்தவர் குளத்தின் நிலையைத் தன் குளத்தின் நிலையாகக் கருதும் பழக்கம் அவ்வாறு வேரூன்றியது. அவ்வனுபவத்தின் மேல் 2007ஆம் ஆண்டில் தேசிய நிலையான நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் எழுந்தது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 2007ஆம் ஆண்டில் சிலி நாட்டு சால்மன் பண்ணைகளில் புகுந்த தொற்றுச் சோகை நோய், அந்நாட்டு அட்லாண்டிக் சால்மன் உற்பத்தியைச் சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே தள்ளியது. அதன் பின்னரே அருகருகே இருக்கும் பண்ணைகள் ஒன்றாக மீன் விட்டு, ஒன்றாக ஓய்வு கொடுக்கும் முறை அங்கு வந்தது. நார்வேயிலோ ஒவ்வொரு பண்ணையும் மீன் பேன்களை எண்ணி வாரந்தோறும் அறிவிக்க வேண்டும். அக்கணக்கு பண்ணையின் பெயருடனேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதனால் அங்குத் தொழில் அழிந்துவிடவில்லை.

நம்மிடம் அமைப்புகள் இல்லாமலில்லை. லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவள மையம் ஒருங்கிணைக்கும் நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கியது. பண்ணையாளரே கைபேசியில் நோயை அறிவிக்கும் செயலி 2023இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் திருத்தப்பட்ட கடலோரச் சட்டம், பதிவு செய்யாத பண்ணைக்கு முன்னர் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக மாற்றியது; பொரிப்பகங்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. அச்சம் குறைந்தால் அறிவிப்பு பெருகும் என்பதால் இம்மாற்றம் வரவேற்கத் தக்கது.

ஆயினும் சுமை முழுவதும் இன்னும் பண்ணையாளரின் தோளிலேயே இருக்கிறது. மிகுதியான விவரங்களைக் கையில் வைத்திருப்பவை தீவனக் கம்பெனிகளும் பொரிப்பகங்களுமே. குஞ்சு விட்ட தேதி, பி.சி.ஆர். சோதனையின் முடிவு, உயிர்பிழைத்தவற்றின் விகிதம், இரை குறைந்த நாள் என்னும் நான்கும் வியாபார இரகசியம் ஆகா. தீவனத்தின் சேர்மானம் இரகசியமாக இருக்கட்டும். எவரும் அதைக் கேட்கவில்லை. இந்நான்கையும் பண்ணையின் பெயரின்றிக் கால்வாய் வாரியாக ஆணையத்துக்கு வாரந்தோறும் அளிக்குமாறு பதிவின் நிபந்தனையாகவே விதிக்கலாம். பகரமாக, நோயை உடனே அறிவித்து மதகை மூடி வைக்கும் சிறு பண்ணையாளருக்கு இழப்பீடோ காப்பீடோ கிடைக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கேட்பது நியாயமாகாது.

வாங்குவோரின் நிலையையும் இங்கு நோக்க வேண்டும். ஐரோப்பாவுக்குச் செல்லும் பண்ணை இறால் அறுவடைக்கு முன்பே தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் உண்டா என்று சோதிக்கப்படுகிறது. அது எந்தப் பண்ணையில் விளைந்தது என்பதற்கும் பதிவு உண்டு. மும்பைச் செம்பூரின் திலக் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு வாங்கும் இறாலுக்கு அத்தகைய ஏற்றுமதிச் சான்று வேண்டுவதில்லை. அது எந்தக் குளத்தது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்கும் அம்மாளுக்கும் தெரியாது. அதே மாநகரின் வெர்சோவாவில் 1961ஆம் ஆண்டு முதல் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் மீன்வள அலுவலர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பிரசல்ஸ் நகரத்தாருக்குக் கிடைக்கும் குளத்தின் பதிவெண் திலக் நகரத்தாருக்கும் கிடைக்க வேண்டுமானால், முதலில் அந்தக் கம்பெனி உதவியாளரின் குறிப்பேடு திறக்கப்பட்டாக வேண்டும்.